ஆறும் தெரிந்தால் இரவு

எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் யாரும் சாப்பிடுவதில்லை. நாங்கள் நயினார் வீட்டுக்காரர்கள், சமணர்கள். இருட்டில் சாப்பிட்டால் கண்ணுக்குத் தெரியாத பூச்சி பொட்டு சோற்றோடு உள்ளே போகும், அந்தப் பாவம் நமக்கு எதற்கு என்பதுதான் அதன் பின்னால் இருக்கும் எண்ணம். இப்போது எங்கள் பிள்ளைகள் பெங்களூரில் இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டி வரும் பிரியாணியைச் சாப்பிடுகிறார்கள், காய்கறி பிரியாணிதான் என்று எனக்கு ஆறுதல் வேறு சொல்கிறார்கள். நான் குறை சொல்லவில்லை. குறை சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை. நான் பிறந்த வீடு கண்ணமங்கலத்தில் கடை வைத்திருந்த வீடு. அப்பா கடையைச் சாத்திவிட்டு வரவே எட்டு மணியாகும். இரவு உண்ணாமை எல்லாம் அங்கே பேச்சோடு சரி.

வாக்கப்பட்டு வந்த இடம் அப்படியில்லை. என் கணவர் அரசுப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். ஆரணியிலிருந்து சேவூருக்குப் போகிற பக்கம் எங்கள் வீடு. இரண்டு பக்கமும் நெசவு வீடுகள், பின்னால் நெல்வயல். ஊரே பட்டில் புரண்டுகொண்டிருக்க, அவர் மட்டும் பட்டைத் தொட மாட்டார், புழுவைக் கொதிக்க வைத்து எடுத்தது என்று. பக்கத்து வீட்டுத் தறிக்காரர் எங்கள் கல்யாணத்துக்கு வந்தபோது மாப்பிள்ளை பருத்தி வேட்டியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "ஆரணிக்காரன் மானமே போச்சு சார்" என்றாராம். அதை என் கணவரே எனக்குப் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இவ்வளவு கெடுபிடியான மனிதருக்கும் ஒரு சலுகை இருந்தது. அந்தச் சலுகை வானத்தில் இருந்தது.

தை மாதம் விளக்கு வைத்துச் சற்று நேரம் கழித்து மொட்டை மாடிக்குப் போய், உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே பார்த்தால் ஒரு சின்னக் கும்பல் தெரியும். முதலில் சுண்ணாம்பு தடவிய விரலை வைத்து எடுத்த மாதிரி ஒரு தீற்றல். இருட்ட இருட்ட அது தனித்தனியாகப் பிரியும். அதுதான் கார்த்திகை. சாதாரணக் கண்ணுக்கு ஆறு, நல்ல கண்ணுக்கு ஏழு. உண்மையில் அங்கே ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன என்பார் அவர். வகுப்பில் சொல்வதை எனக்கும் ஒருமுறை சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. "நம்ம சூரியனுக்கு வயசு நானூத்தி அறுபது கோடி வருஷம். இதுங்களுக்குப் பத்துக் கோடி கூட முழுசா ஆச்சோ என்னமோ. பூமியில டைனோசர் மேஞ்சிகினு இருந்தப்ப பொறந்த பசங்க. இன்னும் அம்மா வீட்டை விட்டே போகல." ஒரே மேகத்தில் பிறந்து இன்னும் கூடவே நகர்ந்துகொண்டிருக்கும் நட்சத்திரங்களாம் அவை. ஒன்றையொன்று பிடித்து வைத்துக்கொள்ளும் இழுப்பு அவற்றுக்குள் போதாது, போகப் போக ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும் என்றும் சொல்வார். அப்போது எனக்கு அடுப்பில் பால் இருக்கும். சரி சரி என்று இறங்கி ஓடிவிடுவேன்.

சலுகை இதுதான். அவருடைய தாத்தா காலத்தில் கிராமத்தில் நிலம் இருந்தது. தை, மாசியில் அறுவடை நடக்கும்போது களத்தை விட்டு வீடு வந்து சேர்வதற்குள் சூரியன் இறங்கிவிடும். பட்டினியாகப் படுத்தால் மறுநாள் யார் வேலை செய்வது? அதனால் அந்த வீட்டில் யாரோ ஒரு புண்ணியவான் ஒரு சட்டம் போட்டுவிட்டார். சூரியன் மறைந்ததும் இரவு இல்லை, கார்த்திகையின் ஆறு மீனையும் தனித்தனியாக எண்ண முடிந்தால்தான் இரவு. அதுவரை சாப்பிடலாம். கார்த்திகை மாலையில் தலைக்கு மேல் இருக்கும் மாதங்களுக்கு மட்டும் இது செல்லும். சித்திரை பிறந்துவிட்டால் அது மேற்கே இறங்கிச் சூரியனோடு போய்ச் சேர்ந்துவிடும், சட்டமும் அதோடு போய்விடும். "எந்த ஆகமத்துலயும் கிடையாது, எங்க வீட்டு மொட்டை மாடியில மட்டும் செல்லும்" என்று அவரே ஒப்புக்கொள்வார்.

கல்யாணமான புதிதில் என்னால் ஒருநாளும் பொழுதோடு சமையலை முடிக்க முடிந்ததில்லை. அவரும் டியூஷன் முடித்து வந்து சேர மணி ஆறரை ஆகிவிடும். தட்டைத் தூக்கிக்கொண்டு இருவரும் மாடிக்கு ஓடுவோம். அவருக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி. அதை வேண்டுமென்றே கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியல, நீ பார்த்துச் சொல்லு, எத்தனை?" என்பார்.

"நாலு."

"நல்லா பாரு."

"நாலுதாங்க. ஜல்தி சாப்பிடுங்க, அஞ்சாவது வந்துகினு இருக்கு."

பல நாள் ஆறும் பளிச்சென்று தெரியும். தெரிந்துகொண்டே நாலு என்பேன். பொய் என்று அவருக்கும் தெரியும். "பாவம் உனக்கு, சோறு எனக்கு" என்று சிரித்துக்கொண்டே கவளத்தை உருட்டுவார். அவர் சாப்பிட்டு முடித்துக் கண்ணாடியைப் போட்டு நிமிர்ந்து பார்த்து, "அட, ஆறும் வந்துடுச்சே" என்று ஆச்சரியப்படுவது ஒரு நாடகம். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த நாடகம் ஓடியது. எனக்கு அலுக்கவே இல்லை.

அவருடைய அண்ணன் சாகக் கிடந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். பெரியவர் நினைவு தப்பி நான்கைந்து நாள் கிடந்தார். பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், வாய் உலர்ந்து போயிருக்கிறதே என்று இரவு நேரத்தில் இரண்டு கரண்டி பால் ஊற்றிவிட்டார். நல்ல எண்ணம்தான். பால் கடைவாயில் வழிந்தது. பெரியவரும் வாழ்நாள் முழுக்க இரவில் தண்ணீர் தவிர எதையும் தொடாதவர். என் கணவர் துண்டால் அண்ணனின் வாயைத் துடைத்துவிட்டார். காரியமெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபின் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"எனக்கு நெனவு தப்பினாலும் சரி, நான் யாருன்னே தெரியாம போனாலும் சரி, இருட்டினதுக்கு அப்புறம் ஒரு வாய் குடுக்காத. யார் சொன்னாலும் கேக்காத. உன்ன நம்பித்தான் சொல்றேன்."

சரி என்றேன். அவர் முகம் இறுகி இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. "ஆறும் தெரியறதுக்கு முன்னாடி குடுக்கலாமா?" என்று கேட்டுவைத்தேன். அவர் சிரித்துவிட்டார். "அது குடுக்கலாம்" என்றார். வாக்குக் கொடுப்பது எவ்வளவு லேசான வேலையாக இருந்தது அன்றைக்கு! நான்தான் முதலில் போவேன், இந்த வாக்கெல்லாம் எனக்கு வராது என்று உள்ளூர நினைத்துக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற இரண்டாவது வருஷம் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை அறுவை செய்து லென்ஸ் வைத்தார்கள். சோடாபுட்டி போயிற்று. குழந்தை மாதிரி மாடிக்குப் போய்க் கார்த்திகையில் ஏழாவதைப் பார்த்துவிட்டேன் என்று கத்தினார். அதற்கு மறுவருஷம்தான் மறதி தொடங்கியது. கண் புதுசாக வந்து, பார்த்ததை வைத்துக்கொள்ள இடமில்லாமல் போனது. எனக்கு அதை நினைத்தால் யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் போல் இருக்கும். யார் மேல் விழுவது என்றுதான் தெரியாது.

முதலில் சாவியை மறந்தார். பிறகு பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியை மறந்தார். அவரிடம் படித்த ஒருவர், இப்போது பவர்லூம் வைத்திருப்பவர், அவரை பைக்கில் உட்கார வைத்து அழைத்து வந்தார். வேலூரில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். மூளைப் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டி, இது திரும்பி வராது, மெதுவாகப் போக வைக்கத்தான் மாத்திரை இருக்கிறது என்றார். அவர் சொன்னது எல்லாம் எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

பிறகு ஒருநாள் காலையில் காபி கொடுத்தபோது, "ரொம்ப நன்றிங்க" என்றார். நாற்பது வருஷத்தில் என்னை ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசாத மனிதர். மரியாதை இப்போதாவது வந்ததே என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். சொல்லிவிட்டு உள்ளே வந்து மிக்ஸியைப் போட்டு, அது ஓடுகிற சத்தத்தில் அழுதேன்.

சாயங்காலப் பசிதான் எங்களை வந்து பிடித்தது. ஐந்தரை மணிக்குச் சாதம் போடுவேன். வயிறார உண்பார். ஆறரை ஆனதும் உண்டதை மறந்துவிடுவார். "இன்னும் சமையல் ஆகலீங்களா?" என்பார். சாப்பிட்டுவிட்டீர்களே என்றால், ஏமாற்றும் கடைக்காரியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்ப்பார். ஏழு மணிக்கு மறுபடி கேட்பார். எட்டு மணிக்குக் கெஞ்சுவார். "காலையில இருந்து ஒண்ணுமே சாப்பிடலீங்க. வயிறு வலிக்குது." தண்ணீர் கொடுப்பேன். தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளருக்குள் பார்ப்பார். தூங்கவும் மாட்டார். ஒருநாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்த நேரத்தில் சமையலறைக்குள் போய் அரிசிப் பானையைத் திறந்து, பச்சை அரிசியை வாயில் அள்ளிப் போட்டு மென்றுகொண்டிருந்தார். வாயைத் திற என்று அதட்டினேன். திறந்தார். விரலை விட்டு அரிசியைத் தோண்டி எடுத்தேன். அவர் என் கையைக் கடிக்கவில்லை, திமிறவில்லை. பயந்துபோய் நின்றார். அந்த நிமிஷம் என்னை நான் வெறுத்த மாதிரி வேறு யாரையும் வெறுத்ததில்லை.

அவர் அழுவது பக்கத்து வீட்டுத் தறிக்குழி வரைக்கும் கேட்டிருக்கிறது. அந்தப் பெண், பழைய தறிக்காரரின் மருமகள், தறியை விட்டு எழுந்து வந்துவிட்டாள்.

"இன்னாக்கா இது, சின்னப் புள்ளயப் பட்டினி போடற மாதிரி? ரெண்டு இட்லி குடுத்தா இன்னா ஆயிடும்? நான் ஊட்டறேன், பாவம் எனக்கு வரட்டும், வுடு."

"உனக்குத் தெரியாதும்மா. வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாருக்குக்கா? அவருக்குத்தான? அவருதான இப்ப கேட்டுகினு அழுவறாரு?"

வாக்கு வாங்கியவரும் அவர்தான், சோறு கேட்பவரும் அவர்தான். இருவரில் யார் பேச்சைக் கேட்பது? முதலாமவர் எல்லாம் தெரிந்து, தெளிவாக, என்னை நம்பிச் சொன்னவர். அவர் இனி வரமாட்டார். இரண்டாமவர் என் எதிரில் நிற்கிறார், பசிக்கிறது என்கிறார். டாக்டரிடம் கேட்டேன். எடை இறங்குகிறது, கேட்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள் என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அவருக்கா நான் வாக்குக் கொடுத்தேன்?

சென்னையிலிருக்கும் நாத்தனாருக்கு போன் போட்டேன்.

"அண்ணி, அண்ணன் ஒருநாள் கூடத் தப்பினது இல்ல. அறுபது வருஷ விரதம். கடைசி காலத்துல நீங்க கெடுத்துடாதீங்க. பேச்சைத் திசை திருப்பிப் பாருங்க. டீவி போடுங்க."

"நீ ஒரு வாரம் வந்து டீவி போடும்மா" என்றேன். அவள் தன் மூட்டுவலி பற்றிப் பேச ஆரம்பித்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கு அன்றைக்கு யாரையாவது கடிக்க வேண்டியிருந்தது, அகப்பட்டது அவள்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் அப்படியே போயின. அவர் கன்னம் ஒட்டிப் போய்விட்டது. தை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். மாடியில் காயப்போட்ட துணியை எடுக்க இருட்டும் நேரத்தில் போனவள், பழக்க தோஷத்தில் மேலே பார்த்தேன். கார்த்திகையைக் காணவில்லை. எங்கள் தெரு முனையில் புதிதாக ஒரு உயரமான கம்பத்தில் கொத்து விளக்கு போட்டிருக்கிறார்கள், அதன் வெளிச்சத்தில் வானமே அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. கையை நெற்றியில் மறைப்பு வைத்துப் பார்த்தேன். இரண்டு தெரிந்தது. ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தால் மூன்று. ஏழு மணிக்கும் மூன்றுதான், எட்டு மணிக்கும் மூன்றுதான்.

ஆறும் தெரிகிறதற்கு முன்னால் கொடுக்கலாம் என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். எங்கள் மாடியில் இனி ஆறும் தெரியப்போவதே இல்லை. அப்படியானால் அங்கே இரவு வரப்போவதும் இல்லை. இது திருட்டு வக்கீல் வேலை என்று தெரியாமல் இல்லை. ஆனாலும் படியில் விழுந்தடித்து இறங்கி, ஒரு தட்டில் ரசஞ்சாதம் பிசைந்து, அவரைக் கைப்பிடித்து மாடிக்கு ஏற்றி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன். மேலே பார்த்து உரக்க, "மூணுதான் தெரியுது" என்றேன். யாருக்குச் சொன்னேனோ. அவர் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அதிலிருந்து தினமும் அதுவே நடந்தது. ஐந்தரைக்கு ஒருமுறை கீழே சாப்பாடு, ஏழரைக்கு ஒருமுறை மாடியில். மேகம் இருந்தாலும் நான் எண்ணாமல் கொடுப்பதில்லை. மேகம் என்றால் ஒன்றுகூட இல்லை, அது இன்னும் நல்லது. தின்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. எனக்கும் தூக்கம் வந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தேன். சித்திரை வந்து கார்த்திகை மறைந்தபின் என்ன சட்டம் கண்டுபிடிப்பேன் என்ற பயம் மட்டும் இருந்தது. அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மாசி மாதத்தில் ஒரு நாள். வழக்கம்போல மாடியில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தானே கையால்தான் சாப்பிடுவார், நான் பக்கத்தில் நின்று கொட்டாமல் பார்த்துக்கொள்வேன். சுற்றிலும் பவர்லூம்களின் தடதட சத்தம். பாதித் தட்டு காலியாகியிருக்கும். தெரு முனை டிரான்ஸ்பார்மரில் டமார் என்று ஒரு சத்தம் கேட்டது. எல்லா விளக்கும் அணைந்தன. தறிச் சத்தம் மொத்தமாக நின்றது. எங்கேயோ யாரோ "பேஜாரு புடிச்ச கரண்டு" என்று திட்டியது அத்தனை அருகில் கேட்டது.

மேலே பார்த்தேன். இத்தனை நாளாக இல்லாத வானம் திரும்ப வந்திருந்தது. கார்த்திகை தலைக்கு மேல் கொஞ்சம் மேற்கே சாய்ந்து, எண்ணிக்கொள் என்கிற மாதிரி நின்றது.

அவரும் நிமிர்ந்து பார்த்தார். கவளம் வாய்க்குப் போகாமல் கையிலேயே நின்றது. இடது கையைத் தூக்கி ஒரு விரலை நீட்டினார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

தன் பெயரைக் கேட்டாலே திணறுகிறவர் அவர். கிழமை தெரியாது, நான் யாரென்று தெரியாது.

"நாலு. அஞ்சு. ஆறு." கொஞ்சம் நிறுத்தி, "அந்தாண்ட ஏழு" என்றார்.

"நாலுதாங்க தெரியுது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "நாலுதான். நீங்க சாப்பிடுங்க."

"இல்லீங்க. நல்லா பாருங்க." அவர் குரலில் பள்ளிக்கூடத்து வாத்தியார் இருந்தார். என் பக்கம் சாய்ந்து, தன் விரலின் நேரே என்னைப் பார்க்க வைத்து, ஒவ்வொன்றாகக் காட்டினார். "இது பெரிசு, நடுவுல. அதுக்குக் கீழ ரெண்டு. பார்த்தீங்களா? இந்தாண்ட மூணு. ஆறு. எல்லாம் சின்னப் பசங்க."

"பார்த்தேங்க" என்றேன். எனக்கு ஆறும் தெரிந்தது. பொய் சொல்ல அதற்குமேல் தெம்பில்லை.

அவர் விரலை இறக்கினார். அப்போதுதான் மற்ற கை அவர் கண்ணில் பட்டது. இருட்டில் தட்டை முகத்துக்கு அருகில் கொண்டுவந்து பார்த்தார். கையை முகர்ந்தார். நாக்கால் பல்லைத் துழாவினார். வாயில் மிச்சமிருந்ததை உள்ளங்கையில் துப்பி, அதை எங்கே போடுவதென்று தெரியாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. பசியில் அழுவது எனக்குத் தெரியும், அது குழந்தை அழுகை. இது அப்படி இல்லை. இது என் கணவரின் அழுகை. அண்ணன் செத்தபோது ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

"இருட்டுல சாப்ட்டுட்டேங்க" என்றார். "எப்படின்னு தெரியல. எடுத்துச் சாப்ட்டிருக்கேன்."

"நீங்க எடுக்கலீங்க. நான்தான் குடுத்தேன்."

"நீங்க என்ன பண்ணுவீங்க? உங்களுக்கு எங்க வீட்டு வழக்கம் தெரியாது." என் கையைத் தேடிப் பிடித்தார். சோற்றுக் கையாலேயே பிடித்தார். "ஒரு உதவி பண்ணுங்க. என் வீட்டுக்காரி கிட்ட சொல்லிடாதீங்க."

மற்றக் கையால் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவ கிட்ட வாக்கு வாங்கி வெச்சிருக்கேன். இது தெரிஞ்சா, நான் சரியா பார்த்துக்கலியேன்னு அவ தன்னையே நொந்துக்குவா. தாங்க மாட்டா. ரொம்ப நல்ல மாதிரிங்க அவ. சொல்லாதீங்க."

"சொல்ல மாட்டேங்க" என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயமா சொல்ல மாட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். செம்புத் தண்ணீரில் அவர் கையைக் கழுவி, உள்ளங்கையில் இருந்ததை எடுத்துவிட்டு, என் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்தேன். துடைக்கக் கொடுத்தார். நான்தான் அவள் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொன்னால் நம்புவாரா என்று யோசித்தேன். நம்பிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்ததும் வாயை மூடிக்கொண்டேன். கீழே லைன்மேன் வண்டி வந்து நின்ற சத்தம், கம்பத்தில் டார்ச் வெளிச்சம், யாரோ யாரையோ ஏறச் சொன்னது எல்லாம் கேட்டது.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். கரண்ட் வந்தது. முனை விளக்கு முதலில் மங்கலாக எரிந்து, பிறகு முழுதாகப் பிடித்துக்கொண்டது. தறிகள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. வானம் வெளுத்துவிட்டது.

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்தார். மாடிச் சுவரைப் பார்த்தார். என் மடியிலிருந்த தட்டைப் பார்த்தார். முகத்தில் அழுத ஈரம் இன்னும் காயவில்லை, ஆனால் அது எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை.

"சமையல் ஆச்சுங்களா?" என்றார். "ரொம்பப் பசிக்குதுங்க. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல."

அன்றைக்கு நான் மேலே பார்க்கவில்லை, எண்ணவும் இல்லை. தட்டில் சோறு ஆறிப்போயிருந்தது. கொஞ்சம் பொறுங்கள், சூடாகக் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ரசத்தைச் சுட வைக்கக் கீழே இறங்கினேன்.